சாவி கொடுத்த பெட்டியும் மின்சாரப் பெட்டியும்

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உண்டு. அங்கே குழல் வைத்த கிராமபோனும் மரப்பெட்டி வால்வு ரேடியோவும் அருகருகே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் பௌதிகம் படிப்பவர் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கிராமபோனுக்குச் சாவி கொடுத்தால் வில்சுருள் இசைத்தட்டை நிமிடத்துக்கு 78 முறை சுழற்றும். ஊசியின் அதிர்வு குழல் வழியே ஒலியாகும். வெளியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே வருவதில்லை. ரேடியோவுக்கோ இரு வழிகள்: கூரை மேலிருந்து ஏரியல், தெருக் கம்பத்திலிருந்து மின்சாரம். இசை வரும் வழியாக இடியும் வரலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. செட்டிநாட்டுக்கு அருகிலேயே தமிழ் ஒலிபரப்புக் கிடைத்தது. மின்னலும் ஒருவகை ஒலிபரப்புத்தான்; அதன் அலைகள் மத்திய அலை வரிசையிலும் விழுவதால் மழைக்காலத்தில் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து வந்தது. இந்தக் கரகரப்பு காதுக்குத் தொல்லையே தவிரப் பெட்டிக்குக் கேடில்லை. மின்னல் அருகில் இறங்கினால்தான் ஆபத்து. அதற்காக ஏரியலை நேராக எர்த்துடன் இணைத்துவிடும் சுவிட்ச் ஒன்றைச் சன்னலோரம் பொருத்துவது அக்கால வழக்கம்.

இதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. காரைக்குடியில் தந்தையார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகிய ஏ.வி. மெய்யப்பன், பின்னாளில் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். 1947 சனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே உருவான படம். ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக்கிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தைக் காப்பதற்குப் பொதுவாகக் கையாளப்படும் ஓர் அழகான முறை இருக்கிறது. ஒரே குறிப்பை இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புவார்கள். வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரேமாதிரி விழும். முடிவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் பூச்சியமாகும், குறிப்பு இருமடங்காகும். வீட்டு ஒலிபெருக்கிகளில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. பக்கத்து அறை மிக்சியும், மின்னணு விசிறி ரெகுலேட்டரும் பாட்டுக்குள் நுழைவதற்கு இது ஒரு காரணம்.

'நாம் இருவர்' வெளிவந்த அதே 1947-இன் டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு முரட்டுப் பிள்ளை. நொடிப்பொழுது மிகை அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். டிரான்சிஸ்டரின் மெல்லிய சந்தியோ சில மைக்ரோ விநாடிகளில் உடைந்துவிடும். கருவி சிறுத்தது, மலிந்தது. கூடவே மென்மையும் ஆயிற்று.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக்கூடாது என்று விதித்தன. லைனின் கடைக்கோடியில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். பம்புசெட்டுகள் ஓடினால் விளக்கு மங்கும். ஆகவே வீடுதோறும் ஸ்டெபிலைசர் வந்தது. அது நல்ல கருவிதான். ஆனால் அது இடியையும் தடுக்கும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஸ்டெபிலைசரில் ரிலே அசைவதற்குச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். மின்னலால் கம்பியில் எழும் 'சர்ஜ்' என்னும் மின்னழுத்த எழுச்சி 50 மைக்ரோ விநாடியில் பாதியாகத் தணிந்துவிடும். ரிலே விழிக்கும்போது திருடன் போய்விட்டான்!

இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பொருளைத் தந்தவர்கள் ஜப்பானியர். மட்சுஷிட்டா நிறுவனத்தைச் சேர்ந்த மட்சுவோக்கா, துத்தநாக ஆக்சைடுப் பீங்கானின் விந்தைப் பண்பை 1971-இல் கட்டுரையாக வெளியிட்டார். அழுத்தம் குறைவாக இருக்கையில் அது மின்கடத்தாப் பொருள்போல் இருக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று கதவைத் திறந்து மின்னோட்டத்தை வேறு வழியில் விடும். இதுவே வாரிஸ்டர். இன்று கடையில் விற்கும் சர்ஜ் தடுப்புப் பலகைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த வில்லைதான். நம் மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. உச்சம் 325 வோல்ட். 275 வோல்ட் என்று குறித்த வாரிஸ்டர் 430 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கும்.

இந்த வில்லையையும் தோற்கடிக்கும் பகை ஒன்று உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மூன்று பேஸ் இணைப்பு இருக்கும். அங்கே நியூட்ரல் கம்பி கழன்றால், சுமை குறைந்த பேஸில் அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். 350 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம், உச்சம் 495. வாரிஸ்டர் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் கடத்தி, சூடேறி, எரிந்துபோகும். இதற்கு மிகை அழுத்தத்தில் இணைப்பையே துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும்.

எஞ்சியது எர்த். பேஸிலும் நியூட்ரலிலும் ஒருசேர ஏறிவரும் மின்னல் அழுத்தத்தை வாரிஸ்டர் எங்கே இறக்கும்? மண்ணில்தான். ஆனால் இப்பகுதியின் செம்மண்ணும் சரளையும் கோடையில் காய்ந்து, எர்த் குழியின் மின்தடை உயர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் திடீர் இடிமழை வருவதும் அந்த வறண்ட நாட்களில்தான். ஆகவே குழிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டிய காலம் ஐப்பசி அல்ல, பங்குனி. ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கிறது என்று பிளக்கின் மூன்றாவது கம்பியை வெட்டிவிடும் பழக்கமும் சிலருக்கு உண்டு. வெவ்வேறு இடங்களில் எர்த் செய்த இரு கருவிகளை இணைப்பதாலும் அந்த ரீங்காரம் எழும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கம்பியை வெட்டினால், பழுதான நாளில் பெட்டியின் உலோக உடலைத் தொடும் கைக்கே மின்சாரம் வரும்.