வன்னியின் ஒளிப்படங்கள்: கடித உறையிலிருந்து இணையத் தொகுப்புவரை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிப் பெருநிலத்தில் ஒளிப்படம் நெடுங்காலம் அடையாள அட்டைக்காகவும் கலியாணம், பூப்புனித நீராட்டு போன்ற வீட்டு விசேடங்களுக்காகவுமே பெரும்பாலும் எடுக்கப்பட்டது. 1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரிகளும் அரிதாகிவிட்ட பின்னர், முப்பத்தாறு படங்கள் பிடிக்கும் ஒரு பிலிம் சுருளைக்கூட எண்ணியெண்ணியே செலவிட வேண்டியிருந்தது. அதனைக் கழுவுவதற்கு, அதாவது இரசாயனத்தில் இட்டுப் படத்தைத் துலக்குவதற்கு, மின்சாரமும் தாளும் மருந்தும் ஒருசேரக் கிடைக்க வேண்டும். அவ்வாறு கிடைத்த படங்களுள் ஒரு பிரதி வீட்டு அல்பத்தில் ஒட்டப்பட, மற்றொன்று கடித உறையில் கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ புறப்பட்டது. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு முகம் காட்டுவதற்காக அனுப்பப்பட்ட அந்த இரண்டாம் பிரதியே பின்னாளில் பல குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே படமாயிற்று.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தையடுத்து வன்னியை ஊடறுக்கும் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் எண்முறைக் கமராக்கள், அதாவது பிலிமின்றிப் படத்தைக் கோப்பாகப் பதியும் கருவிகள், வன்னிக்குள் வந்தன. 2004இல் கனடாவில் ஃபிளிக்கரும் மறு ஆண்டில் ஸ்பெயினில் பனோராமியோவும் தொடங்கப்பட்டன; உலகெங்குமுள்ள படப்பிடிப்பாளர் தத்தம் படங்களை ஏற்றி, குழுக்களாகக் கூடி, ஒருவர் படத்துக்கு மற்றவர் கருத்துரைக்கும் தளங்கள் இவை. ஆயினும் 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலர்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். அதன் பின்னர் அங்கு நடந்தவற்றைப் படமாக்கும் பொறுப்பு, மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்த கவிஞரும் படப்பிடிப்பாளருமான அமரதாஸ் போன்ற சிலரிடமே எஞ்சியது.

கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த இடப்பெயர்வில், சுமக்க முடியாத பொருள்களோடு அல்பங்களும் வழியில் விடப்பட்டன. புலிகளின் சீருடையணிந்த மகனின் படம் இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அகப்பட்டால் வரக்கூடிய விளைவுக்கு அஞ்சி, தம் கையாலேயே படங்களைக் கிழித்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமை அடைந்தவர்களுள் பலரிடம் இறந்தவர்களின் ஒரு படமேனும் இருக்கவில்லை.

போருக்குப் பின்னர் இணையத்தில் வன்னி முதன்முறையாக நிரம்பி வழிந்தது. எனினும் அது பெரும்பாலும் வந்துபோனவர்களின் வன்னி. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி, எறிகணை துளைத்த சீமெந்துக் கட்டியினின்று தாமரை மலர்வதாக அமைந்த வெற்றிச் சின்னம், 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டிப் பின்னர் துருவேறிய ஜோர்தானியச் சரக்குக் கப்பல் ஃபாரா 3 ஆகியவை சலிக்கச் சலிக்கப் படமாக்கப்பட்டன. பனோராமியோவில் ஒவ்வொரு படமும் அது எடுக்கப்பட்ட புள்ளியில் வரைபடத்தின்மேல் பொருத்தப்பட்டு, தேர்ந்தவை கூகிள் ஏர்த்திலும் காட்டப்பட்டதால், ஊரைப் பார்த்திராத ஒருவருக்கு இச்சிதைவுகளே ஊராகத் தோன்றின. கூரையிழந்த வீட்டுச் சுவரில் விழும் மாலை வெயிலை ஒளிக்காகவும் கோணத்துக்காகவும் பாராட்டும் வழக்கத்தைக் குற்றமென்று சொல்ல இயலாது, அத்தளக் குழுக்களின் கலையே அதுதான். ஆனால் அந்த வீடு யாருடையது என்ற வினா அங்கே எழ இடமில்லாதிருந்தது.

ஊரவர் தம் படங்களைத் தாமே பகிரத் தொடங்கியது கைத்தொலைபேசியும் முகநூலும் பரவிய பின்னரே. இவர்களின் பகிர்வில் கலைத்தரம் பொருட்டன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கலில் யார் யார் நின்றார்கள் என்பதே பொருட்டு. அதே வழியாக, முன்னர் கடித உறையில் போன படங்கள் மறுதிசையில் திரும்பிவரலாயின. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் போன்றவற்றில் ஏந்தப்படும் படங்களுட் சில, கலியாணக் கூட்டப்படமொன்றில் ஒருவரின் முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்தவை. புள்ளி புள்ளியாகச் சிதைந்த அம்முகத்தின் ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் தோளோ மாலையோ தெரியும்.

எனினும் இணையத்தின் ஞாபகமும் உறுதியானதன்று. பனோராமியோவை 2007இல் வாங்கிய கூகிள் 2016 நவம்பரில் அதனை மூடியது. ஃபிளிக்கர் 2019இல் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படங்கள் என்ற வரம்பை விதித்தது. 2005இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் ஈழத்து ஆவணங்களை எண்முறையில் காக்கும் பணியைச் செய்துவருகிறதாயினும், வீட்டுப் படங்களில் மிகப் பெரும்பகுதி இன்னும் தனியாரின் முகநூற் கணக்குகளிலேயே கிடக்கிறது. முகநூல் நிறுவனமோ விடுதலைப் புலிகளைத் தடைசெய்யப்பட்ட அமைப்பாகக் கொண்டு, அவர்களுடைய சின்னமோ சீருடையோ தெரியும் படங்களை நீக்குவதுண்டு. ஒரு தாயின் அஞ்சலியையும் ஓர் அமைப்பின் பரப்புரையையும் இவ்விதி எப்போதும் பிரித்தறிவதில்லை என்பதால், கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு முகத்தை மட்டும் ஏற்றுவதும், முழுப்படத்தை வெவ்வேறு நாடுகளிலுள்ள உறவினரிடம் தனித்தனியே கொடுத்துவைப்பதும் வழக்கமாகியுள்ளன.