பெருங்குடல் புற்றுநோய் அரிதான இடங்களுக்குப் பரவுதல்

பெருங்குடல் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் கல்லீரலைச் சென்றடைகிறது. குடலிலிருந்து வெளியேறும் இரத்தம் கல்லீரலின் வழியாகவே இதயத்திற்குத் திரும்புவது இதற்குக் காரணமாகும். நுரையீரலும் வயிற்றறையின் உட்சவ்வும் பரவலாகப் பாதிக்கப்படும் பிற இடங்களாகும். சிலருக்கு இவையல்லாத உறுப்புகளிலும் நோய் தோன்றுவதுண்டு. குடலுடன் தொடர்பற்றதாகத் தெரியும் அறிகுறிகளே அப்போது வெளிப்படுவதால், நோயைக் கண்டறிவது தாமதமாகக்கூடும்.

அரிதான இடங்களும் அறிகுறிகளும்

• எலும்பு: முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ ஓய்வெடுத்தாலும் குறையாத, இரவில் மிகும் வலி, சிறு அடியிலேயே எலும்பு முறிதல்.

• மூளை: தொடர் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்.

• சினைப்பை: அடிவயிற்றில் கட்டி, வயிறு உப்புதல். இது சினைப்பையிலேயே தோன்றிய புற்றுநோய் எனத் தவறாகக் கருதப்படலாம்.

• தோல்: அறுவை சிகிச்சைத் தழும்பிலோ தொப்புளிலோ தோன்றும் கெட்டியான கட்டி. தொப்புளில் தோன்றும் கட்டி 'சிஸ்டர் மேரி ஜோசப் கட்டி' எனப்படுகிறது. அமெரிக்காவில் மருத்துவர் வில்லியம் மேயோவின் அறுவை சிகிச்சை உதவியாளராக இருந்த அருட்சகோதரியின் பெயர் இது.

இது வேறொரு புற்றுநோயா?

இல்லை. எலும்பிற்குப் பரவினாலும் அது எலும்புப் புற்றுநோய் ஆகாது. அங்கு வளர்பவை பெருங்குடல் புற்றுநோய் செல்களே. திசுப் பரிசோதனை இதனை உறுதி செய்ய உதவுகிறது. எனவே மருந்துகளும் பெருங்குடல் புற்றுநோய்க்கு உரியவையாகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இடத்திற்கேற்பக் கதிர்வீச்சு சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ அளிக்கப்படலாம்.

நோயாளிகளும் பராமரிப்பவர்களும் செய்ய வேண்டியவை

• சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருப்பினும், எந்த மருத்துவரிடம் சென்றாலும் முன்பு பெருங்குடல் புற்றுநோய் இருந்ததை முதலிலேயே தெரிவிக்கவும்.

• அறுவை சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்து உடன் எடுத்துச் செல்லவும்.

• இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் புதிய வலியையோ கட்டியையோ மருத்துவரிடம் காட்டவும். பெரும்பாலான முதுகுவலிகளுக்குச் சாதாரணக் காரணங்களே உண்டு. எனினும் பரிசோதித்து அறிவதே பாதுகாப்பானது.

• காரணம் தெரியும் முன் முதுகை அழுத்திப் பிடித்துவிடுதல், நெட்டி முறித்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்

முதுகுவலியுடன் கால்கள் தளர்தல், மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை தண்டுவடம் அழுத்தப்படுவதைக் குறிக்கலாம். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். நடக்கும் திறன் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் அதனைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். தாமதித்தால் இழந்த திறன் திரும்பாமலே போகக்கூடும்.