கங்காணியும் அவர் கூட்டமும்

மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் செடியிலிருந்தே தொடங்குவர். 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதையும், 1869 இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் கோப்பியை அழித்ததையும் விரித்துரைப்பர். காட்டை அழித்துச் செடியை நட்ட மனிதக் கூட்டங்கள் எவ்வாறு உருவாயின என்பது அத்துணை பேசப்படுவதில்லை.

தோட்டத்துரை தொழிலாளரைத் தனித்தனியே தேடிச் சென்றவரல்லர். அவர் கங்காணியிடம் முன்பணம் கொடுத்தார். கங்காணி திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துத் தம் ஊருக்குச் சென்று, உற்றாரையும் அயலாரையும் திரட்டினார். அவர்களுடைய பழங்கடனைத் தீர்த்தார். வழிச் செலவைக் கொடுத்தார். மாமனும் மைத்துனனும் பெண்களும் பிள்ளைகளுமாகப் பத்து இருபது பேர் கொண்ட சிறு குழு, ஒரு சில்லறைக் கங்காணியின் கீழ் நின்றது. அத்தகைய குழுக்கள் பலவற்றுக்குத் தலைவர் பெரிய கங்காணி. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே, பருவத்துக்கு வந்து போன கூட்டம் லயங்களில் குடியமர்ந்த சமூகமாயிற்று.

விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து பிரட்டுக்களத்தில் கூடிய அக்கூட்டத்துக்குக் கங்காணி வெறும் மேற்பார்வையாளர் அல்லர். துரையின் கட்டளையைத் தமிழில் உரைப்பவரும், தொழிலாளரின் குறையைத் துரைக்கு எட்டவைப்பவரும், லயத்துச் சண்டையைத் தீர்ப்பவரும், திருமணத்துக்குக் கடன் தருபவரும் அவரே. ஆயின், வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தவரைக் கண்டபோது உறவினராய் நினைப்பதா, குறைந்துபோன காசை நினைப்பதா என்ற சோதனை அவருக்கு ஒவ்வொரு காலையும் நேர்ந்தது. எல்லாக் கங்காணிகளும் கொடியவர் என்பது நேர்மையான கூற்றாகாது. அம்முறை நல்லவரையும் கடுமையாளர் ஆக்கியது என்பதே பொருந்தும்.

கூட்டத்தைக் கட்டியது உறவு மட்டுமன்று, கடனுமாம். முன்பணம் முழுவதும் தொழிலாளரின் பெயரிலேயே பற்றெழுதப்பட்டது. கங்காணி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்துவோர் இக்கூட்டத்தை ஏற்கலாம் என்று துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவார். புதிய தோட்டம் பணத்தைச் செலுத்தும். கூட்டம் மலையேறி நடக்கும். கடனும் உடன் நடக்கும். கைமாறுந்தோறும் அது வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

1921 இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இல் மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வரையறுக்கப்பட்டது. கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணுக்கே குறைந்த கூலி என்பதையும் இங்கு மறத்தலாகாது.

கடன் கயிறு தளர்ந்தபின் கூட்டத்தைச் சேர்த்து நிறுத்தவல்லவர் யார் என்னும் வினா எழுந்தது. 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் பாடல்கள் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியபோது அதன் கம்பளைக் கிளைக்குத் தலைமை ஏற்ற சௌமியமூர்த்தி தொண்டமான், தொழிலாளியாக வந்து கங்காணியாகிப் பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவரின் மைந்தர். வரலாறு இத்தகைய விந்தைகளை விரும்பும் போலும்.

சங்கங்கள் பரவியபோது தொழிலாளர் தம்முள் ஒருவரைத் தோட்டத் தலைவர் எனத் தெரிந்தெடுத்தனர். குறை கேட்பதும் துரையிடம் பேசுவதும் அவர் கடமையாயின. அவருக்குத் தலைக்காசு இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. துரையோடு முதல் நாள் வாதாடியவர், மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் கங்காணியின் முன் நின்று பெயர் கொடுத்தே மலைக்குச் செல்லவேண்டியிருந்தது.