சில்டெனாபில் காப்புரிமை வழக்கும் வெளிப்படைத்தன்மை என்னும் அளவுகோலும்

ஒரு மருந்துக் காப்புரிமை புத்தாக்கம் உடையதா என ஆராயும் நீதிமன்றம், கண்டறிந்தவர் எவ்வழியில் அதை அடைந்தார் என்று கேட்பதில்லை. துறையறிவு நிரம்பிய, ஆனால் கற்பனைத் திறனற்ற ஒருவருக்கு, முன்னுரிமை நாளுக்கு முன் வெளிவந்தவற்றைக் கொண்டு அது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்பதே வினா. இங்கிலாந்தில் இம்முறையை 1985ஆம் ஆண்டின் விண்ட்சர்ஃபிங் தீர்ப்பு நான்கு படிகளாக வகுத்தது. வரலாற்றாசிரியர் தேடும் உண்மைப் பாதைக்கு அதில் இடமில்லை.

சில்டெனாபில் வழக்கு இதற்குத் தக்க சான்று. சாண்ட்விச் நகரிலிருந்த ஃபைசர் ஆய்வகம் அச்சேர்மத்தை இதய நோய்க்கென உருவாக்கியது. அதில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மருந்தை உட்கொண்ட தன்னார்வலர் சிலர் தெரிவித்த பக்கவிளைவே ஆய்வாளரை விறைப்புக் குறைபாட்டின்பால் திருப்பியது. அச்சிகிச்சைக்கான காப்புரிமையின் முன்னுரிமை நாள் 1993 ஜூன் 9.

ஆயின் 1992 ஜனவரியிலேயே ராஜ்ஃபர், இக்னாரோ முதலியோரின் கட்டுரை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்திருந்தது. மனித ஆண்குறித் திசுத் துண்டுகள் தளர்வதற்கு நைட்ரிக் ஆக்சைடு காரணம் என்று அது காட்டியது. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் அத்தளர்ச்சி மிகுவதையும் பதிவு செய்தது. சில்டெனாபிலும் அத்தகைய தடுப்பானே. (நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்காக 1998இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் இக்னாரோவும் ஒருவர்.)

காப்புரிமை ஒரு சேர்மத்தோடு நில்லாமல் அந்நொதித் தடுப்பான் வகை முழுவதையும் கோரியதால், போட்டி மருந்தை உருவாக்கிவந்த லில்லி ஐகோஸ் அதை எதிர்த்தது. 2000 நவம்பரில் நீதிபதி லாடி அக்கோரல் வெளிப்படையானது என்று தீர்ப்பளித்தார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அமெரிக்காவிலோ, 2011இல் வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் டெவா நிறுவனத்துடனான வழக்கில் வாய்வழிச் சிகிச்சைக் கோரலைச் செல்லுபடியாக்கியது.

இம்முரண்பாட்டைச் சட்ட வேறுபாடு என்று மட்டும் தள்ளிவிட இயலாது. ஆய்வுக்கலத்துத் திசுத் துண்டுக்கும் விழுங்கும் மாத்திரைக்கும் இடையிலான தொலைவே இங்கு அளக்கப்படுகிறது. மாத்திரை வெற்றி பெற்றதை அறிந்தவருக்கு அத்தொலைவு குறுகித் தோன்றும். லாடியின் தீர்ப்பு அறிவியல் அடிப்படையில் வலுவானதே. எனினும் பின்னறிவின் சாயல் அதில் அறவே இல்லை என்று கொள்வது கடினம்.

2002 நவம்பரில் போட்டி மருந்தான டாடலாபில் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. சில்டெனாபில் சேர்மத்தின் மீதான தனி உரிமையை லண்டன் தீர்ப்பு தொடவில்லை. பிரிட்டனில் அது 2013 ஜூன் வரை நீடித்தது.