கதவு பெரிசு, வாசல் சிறிசு!

ஏப்ரல் 16, 2002. பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரம். 57 வயது மனிதர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தத்தை அனுப்பும் அயோர்ட்டிக் வால்வு, சுண்ணாம்பு படிந்து கல்லாக இறுகிவிட்டது. நெஞ்சைப் பிளந்து வால்வை மாற்றலாமே? தாங்க மாட்டார் என்று சர்ஜன்கள் கையை விரித்துவிட்டார்கள்.

டாக்டர் அலான் கிரிபியே அதுவரை மிருகங்களிடம் மட்டுமே சோதித்துப் பார்த்திருந்த ஒரு வித்தையைக் கையிலெடுத்தார். ஸ்டென்ட்டுக்குள் வால்வைத் தைத்து, பலூன்மேல் சுருக்கி, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு அனுப்புவது!

நேர்வழி, தொடைத் தமனி. அவருக்கோ காலுக்குப் போகும் தமனிகளிலும் அடைப்பு! கிரிபியே கொல்லைப்புறமாக நுழைந்தார். தொடைச் சிரை வழியாக இதயத்தின் வலது பக்கம் போய், நடுச்சுவரைத் துளைத்து, இடது பக்கம் இறங்கி... பலூனை விரித்தார். வால்வு திறந்தது. உலகிலேயே முதன்முறையாக!

ஆனால், கால் விடவில்லை. ரத்தம் இல்லாமல் கெட்டுப்போன காலை வெட்டி எடுக்க நேர்ந்தது. புண் ஆறவில்லை, கிருமி புகுந்தது. 17 வாரங்களில் இறந்துபோனார். இதயத்தைச் சரிசெய்தாலும், ரத்தக்குழாய் காலை வாரிவிடும் என்பது முதல் கேஸிலேயே தெரிந்துவிட்டது.

ஏன்? கதீட்டர் பருமனை 'ஃப்ரெஞ்ச்' கணக்கில் அளப்பார்கள். 3 ஃப்ரெஞ்ச், 1 மில்லிமீட்டர். ஆரம்பகாலக் குழாய் 24 ஃப்ரெஞ்ச்... அதாவது 8 மி.மீ. பெரியவர்களின் தொடைத் தமனியே சுமார் அவ்வளவுதான். அதிலும் வயதானால் வளைசல், சுண்ணாம்பு வேறு. திணித்தால் கிழியும், வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். 2010-ல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வில், ஆபரேஷன் தாங்காத நோயாளிகளில் இந்தச் சிகிச்சை பெற்ற 100 பேரில் 16 பேருக்கு ரத்தக்குழாயில் பெரிய பாதிப்பு!

அப்புறம்தான் எல்லோருடைய கவனமும் தொடைக்குத் திரும்பியது. முன்கூட்டியே சி.டி. ஸ்கேனில் பாதையை அளந்தார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசி குத்தினார்கள். வால்வு போகும்போது மட்டும் விரிந்து, பிறகு சுருங்கிக்கொள்ளும் 14 ஃப்ரெஞ்ச் குழாய் வந்தது. 2019-ல் வெளியான 'பார்ட்னர் 3' ஆய்வில் அந்தப் பாதிப்பு 2.2 சதவிகிதம். இவர்கள் ஓரளவு திடமான நோயாளிகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிரிபியே 2024-ல் காலமானார். இன்றைக்கும் இந்தச் சிகிச்சைக்கு ஒருவர் போனால், இதயத்தோடு சேர்த்து அவருடைய தொடைத் தமனியையும் அளந்து பார்த்த பிறகுதான் தேதி குறிக்கிறார்கள்.