கூந்தல் வழக்கும் திரைப்படக் கிராப்பும்



தமிழ் இலக்கிய உலகிலே நடந்த வழக்குகளில் மிகப் பெரியது எதுவென்று என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: அது தலைமயிரைப் பற்றிய வழக்குத்தான். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, இல்லையா என்ற கேள்வி பாண்டியன் சபையிலே எழுந்தது. உண்டு என்றது இறையனாரின் பாட்டு. இல்லை, பூவும் அகிற்புகையும் இரவல் கொடுத்த மணமே அது என்றார் நக்கீரர். நெற்றிக் கண்ணைத் திறந்து காட்டியபோதும் அவர் வாதத்தைக் கைவிடவில்லை என்கிறது திருவிளையாடற் புராணம். 1965 இல் ஏ. பி. நாகராஜன் இந்தக் கதையைப் படமாக்கி, நக்கீரர் வேடத்தையும் தாமே ஏற்றார். தருமியாக வந்த நாகேஷைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், தம்முடைய தலையும் அதே வழக்கிலே ஒரு சாட்சிப்பொருள் என்று நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

வழக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். ஒருவரின் தலையிலே இருக்கும் அழகு அவருடைய சொந்தமா, இரவலா? சினிமா பிறந்த நாள் முதலாக இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு எழுதி வருபவர்கள் புலவர்கள் அல்லர். சலூன்காரர்களே அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

சினிமாவுக்கு முன்னர் எமது தலைகளிலே நாகரிகம் இல்லாமல் இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. கூந்தலை ஐந்து வகையாக முடிந்தமையால் அதற்கு 'ஐம்பால்' என்றே பெயர் வைத்தவர்கள் எமது முன்னோர். ஆண்களுக்குக் குடுமி இருந்தது. இலங்கையின் கரையோரச் சிங்களக் கனவான்கள் ஆமையோட்டுச் சீப்பைத் தலையிலே கிரீடம் போலச் சூடித் திரிந்தார்கள். பிறகு ஆங்கிலேயரோடு கிராப்பு வந்தது. குடுமியை அறுத்தவனை ஊர் பழித்தது. அறுக்காதவனைக் கந்தோர் பழித்தது. ஆனால் இவையெல்லாம் குலத்துக்கும் சமயத்துக்கும் உத்தியோகத்துக்கும் கட்டுப்பட்ட மாற்றங்கள். முன்பின் அறியாத ஒருவரின் தலையைத் திரையிலே பார்த்து, 'அது எனக்கும் வேண்டும்' என்று கேட்கும் துணிச்சலைத் தந்தது சினிமாதான்.

தமிழிலே அந்தத் துணிச்சலைத் தொடக்கி வைத்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். 1934 இல் 'பவளக்கொடி' மூலம் திரைக்கு வந்தவர். தோளைத் தொடும்படி பின்னால் வாரிவிட்ட அவருடைய கேசம் 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் பெற்றது. வெட்டாமல் விட்ட தலைக்கு 'கிராப்பு' என்று பெயர் வைத்த பெருமை எமது மொழிக்கே உரியது! இளைஞர்கள் எண்ணெய் தடவி, வாரி வாரி வளர்த்தார்கள். கேசம் வளர்ந்தது, குரல்தான் வளரவில்லை. தலை பாகவதராகவும் தொண்டை தவளையாகவும் எத்தனையோ பேர் அந்நாளிலே உலாவியிருக்க வேண்டும்.

1944 இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருந்தது, நாயகனோ சிறையிலே இருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே அவரும் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டு, 1947 இல் விடுதலையானார்கள். வெளியே வந்த பாகவதருக்கு முந்திய காலம் திரும்பவில்லை. 1959 இல் அவர் மறைந்தபோது அவருடைய கேசத்தை வளர்த்த தலைமுறை நரைத்துக்கொண்டிருந்தது. அடுத்த தலைமுறை வேறொருவர் தலைக்கு மாறிவிட்டது. நாகரிகத்துக்கு நன்றி என்ற சொல் தெரியாது.

இதே கதையை ஹொலிவூட் இன்னும் பெரிய எழுத்திலே எழுதியிருக்கிறது. ஊமைப்பட ராணியான மேரி பிக்ஃபோர்ட் 1928 இல் தமது சுருள்களை வெட்டியபோது, அது பத்திரிகைகளின் முன்பக்கச் செய்தியானது. குழந்தை நட்சத்திரமான ஷேர்லி டெம்பிளின் தலையிலே தாயார் 56 சுருள்களைச் சுருட்டிவிடுவாராம். அமெரிக்காவிலே அன்று எத்தனை தாய்மார் எத்தனை பிள்ளைகளை அழவைத்துச் சுருள் எண்ணினார்களோ, கணக்கில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரமானது வெரோனிக்கா லேக்கின் கதை. 1941 இல் வந்த 'ஐ வோண்டட் விங்ஸ்' என்ற படத்தின் மூலம் புகழ் பெற்றவர். அவருடைய பொன்னிறக் கூந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து வலது கண்ணை மறைக்கும். கூந்தலை விலக்கி மற்றக் கண்ணையும் பார்த்துவிடலாம் என்ற ஆசையிலேயே பாதிச் சனம் படத்துக்குப் போயிருக்கும். 'லைஃப்' சஞ்சிகை அந்த ஆண்டிலேயே அந்தக் கூந்தலை அளந்து, முன்னே 17 அங்குலம், பின்னே 24 அங்குலம் என்று எழுதியது. காணி அளப்பவர் கூட இவ்வளவு கவனமாக அளந்திருக்க மாட்டார்.

அது யுத்த காலம். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். போனவர்கள் வெரோனிக்கா லேக்கின் கூந்தலோடு போனார்கள். ஒரு கண்ணால் இயந்திரத்தைப் பார்ப்பதே சிரமம். அதற்கு மேலே சுழலும் இயந்திரத்திலே கூந்தல் சிக்கினால் தலையின் கதி என்ன? கவலைப்பட்ட அமெரிக்க அரசாங்கம், கூந்தலை உயர்த்திக் கட்டுமாறு அந்த நடிகையையே கேட்டுக்கொண்டது. அவரும் இணங்கினார். கூந்தல் இயந்திரத்திலே சிக்குவதைக் காட்டி, பின்னர் அதனை அள்ளி முடிந்து காட்டும் செய்திப்படம் ஒன்று 1943 இல் எடுக்கப்பட்டது. எமது காவியத்திலே பாஞ்சாலி யுத்தம் முடியும்வரை கூந்தலை முடியவில்லை. அமெரிக்காவிலோ யுத்தம் முடிவதற்காக ஒருத்தி கூந்தலை முடிந்தாள்.

பெண்களின் தலை தப்பியது. நடிகையின் நட்சத்திரம் தப்பவில்லை. கூந்தலை முடிந்த பிறகு அவருடைய மவுசு இறங்கியதென்று சொல்பவர்கள் பலர். மதுப்பழக்கமும் குடும்பச் சிக்கல்களும் சேர்ந்துகொண்டன. 1960 களின் தொடக்கத்திலே நியூயோர்க் ஹோட்டல் ஒன்றின் மதுச்சாலையிலே அவர் பரிமாறிக்கொண்டிருந்ததைப் பத்திரிகைக்காரர் ஒருவர் கண்டு எழுதியபோதுதான் உலகம் அவரை மீண்டும் நினைத்தது. 1973 இல், 50 வயதிலே இறந்தார். கூந்தலைப் பார்த்தவர்கள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லையோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

சோகத்தை விட்டுச் சிரிப்புக்கு வருவோம். 1953 இல் வந்த 'ரோமன் ஹொலிடே' படத்திலே ஒரு இளவரசி அரண்மனையிலிருந்து தப்பி, ரோம் நகர வீதியிலே ஒரு சலூனுக்குள் நுழைகிறாள். நீண்ட கூந்தலைக் கட்டையாக வெட்டச் சொல்கிறாள். வெட்டுபவர், 'நிச்சயமாகவா, இவ்வளவுமா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒட்ரி ஹெப்பேர்ன் என்ற அந்த நடிகையின் தலை உலகம் சுற்றியது. ஜப்பானிலே 'ஹெப்பேர்ன் கட்' என்ற பெயரே வழக்கில் வந்தது. அரண்மனையிலிருந்து தப்பாத பெண்கள் கூட, மாமியாரிடமிருந்தாவது தப்பியது போல உணர்ந்திருப்பார்கள்.

அந்தத் தலை பம்பாய்க்கு வந்து சேர ஏழு ஆண்டுகள் எடுத்தன. 1960 இல் ஆர். கே. நய்யார் 'லவ் இன் சிம்லா' என்ற ஹிந்திப் படத்தை எடுத்தார். கதாநாயகி சாதனா. அழகான முகம், நெற்றி மட்டும் சற்று அகலம். என்ன செய்வது? ஹெப்பேர்னைப் போல முன்மயிரைக் கத்தரித்து நெற்றியிலே விழவிட்டார்கள். குறையை மறைக்கப் போட்ட திரை 'சாதனா கட்' என்று கொடியேறியது. அகன்ற நெற்றி உள்ளவர்கள் வெட்டினார்கள். நெற்றியே இல்லாதவர்களும் வெட்டினார்கள். பிந்தியவர்களுக்குப் புருவத்திலிருந்தே மயிர் முளைத்தது போல இருந்திருக்கும். இயக்குநரும் நடிகையும் 1966 இல் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதால், அந்த நெற்றிக்கு நல்ல பலன் எழுதியிருந்தது என்றுதான் சொல்லவேண்டும். பிற்காலத்திலே சாதனா படம் பிடிக்கப்படுவதையே தவிர்த்து வந்தார். மக்கள் தம்மைப் பழைய முகத்தோடு நினைத்திருக்கட்டும் என்று விரும்பினார். 2015 இல் மறைந்தார்.

ஆண்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 1964 பெப்ரவரியிலே பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் நியூயோர்க்கில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தொலைக்காட்சியிலே பாடிய முதல் இரவு 7 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கு. பார்த்தவர்கள் பாட்டைக் கேட்டார்களோ இல்லையோ, நெற்றியை மூடிய தலையைப் பார்த்தார்கள். அந்தத் தலையும் இரவல்தான். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே பழகிய கலை மாணவர்களின் தலையைப் பார்த்து அவர்கள் மாற்றிக்கொண்டது அது. மயிர் வளரும்வரை பொறுக்க முடியாதவர்களுக்காக ஒரு விளையாட்டுப் பொருட் கம்பனி பீட்டில்ஸ் டோப்பா செய்து விற்றது. உலகச் சலூன்காரர்களுக்கு மட்டும் அது பஞ்ச காலம். வெட்டுவதே நாகரிகம் என்றிருந்த இடத்தில் வெட்டாமையே நாகரிகமானால் கத்தரிக்கோல் என்ன செய்யும்?

அவர்களுக்குத் துணை நின்ற அரசாங்கம் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலே 1970 களில், நீண்ட தலைமயிர் உள்ள ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவார்கள் என்ற அறிவித்தல் அரச அலுவலகங்களிலே தொங்கியது. புருவத்தைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், சேர்ட் கொலருக்குக் கீழே போனால் நீளம் என்று படம் போட்டு விளக்கினார்கள். 1972 இல் 'லெட் செப்பலின்' என்ற பிரபல இசைக்குழு தலைமயிர் காரணமாக நாட்டுக்குள் விடப்படாமலே திரும்பியது. பாகவதர் உயிரோடிருந்து சிங்கப்பூர் போயிருந்தால், ஒரு முத்திரை வாங்குவதற்கும் வரிசையின் கடைசியிலே நின்றிருப்பார்.

இந்த ஆரவாரத்திலெல்லாம் அகப்படாமல் தலையையே மூடிவிட்டவர் ஒருவர் உண்டு. கண்டியிலே 1917 இல் பிறந்த எம். ஜி. ஆர். தாம். அறுபதுகளின் கடைசியிலே அவர் தலைக்கு வந்த வெள்ளைத் தொப்பி, பின்னர் அவருடைய முகத்தின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. 1987 இல் இறுதி யாத்திரையிலும் அது கூடவே போனது. சலூன்காரருக்கு வேலை வைக்காத ஒரே நாகரிகம் அது.

இனி எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1985 இல் ஃபாசிலின் 'பூவே பூச்சூடவா' வந்து, நதியாவின் பெயரிலே தோடும் வளையலும் கொண்டையும் தமிழ் ஊர்களெல்லாம் பரவிய காலம். யாழ்ப்பாணத்திலே இரவுக் காட்சிகள் அருகி, வாடகைக்கு எடுத்த டெக்கும் ஜெனறேற்றருமாக முற்றங்களிலே விடிய விடியப் படம் ஓடிய காலமும் அதுதான். படம் வருவதற்குப் பல மாதம் முன்பே பாட்டு வானொலியில் வந்துவிடும். ஆகவே நாங்கள் நாயகனைக் காதால் அறிவோம், கண்ணால் அறியோம்.

எங்கள் ஒழுங்கையிலே ஒரு நண்பன் இருந்தான். புதிய படமொன்றிலே நாயகனின் தலை புதுவிதம் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் யாருக்கோ சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, மூன்றாம் வாயிலே அது இவனுக்கு வந்து சேர்ந்தது. நேரே சலூனுக்குப் போனான். நானும் துணைக்குப் போனேன்.

"அண்ணை, காதுக்கு மேலை கொஞ்சம், பின்னுக்குக் கனக்க, நடுவிலை படி படியா" என்று விளக்கினான்.

அவர் சீப்பை வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "மயிரை நான் வெட்டி விடுவன் தம்பி. அந்த முகத்தை ஆர் தாறது?" என்றார். வெட்டியும் விட்டார்.

இரண்டு மாதங்களின் பின் அந்தப் படம் ஒரு முற்றத்திலே ஓடியது. நாயகன் வந்தான். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். பிறகு ஒரே நேரத்தில் நண்பனைத் திரும்பிப் பார்த்தோம். இரண்டு தலைகளுக்கும் ஒரு உறவும் இல்லை. அவன் அசையவில்லை. "அது இடைவேளைக்குப் பிறகு வரும்" என்றான். இடைவேளைக்குப் பிறகு சிறிது நேரத்திலே எண்ணெய் தீர்ந்து ஜெனறேற்றர் நின்றுவிட்டது. எனவே அந்தத் தலை படத்திலே வந்ததா என்பது தீராத வழக்காகவே நின்றது.

மறுநாட் காலை அவனுடைய அம்மா அவனைக் கையிலே பிடித்து அதே சலூனுக்குக் கூட்டிச் சென்றார். கையிலே அவனுடைய அடையாள அட்டை. "இதிலை இருக்கிற மாதிரியே வெட்டிவிடு தம்பி" என்றார். வீதியிலே மறித்துப் பார்ப்பவர்களுக்கு, அட்டையிலே இருக்கும் தலையும் கழுத்திலே இருக்கும் தலையும் ஒத்துப்போக வேண்டும். அந்நாளிலே எங்கள் தாய்மாருக்குத் தெரிந்த நாகரிகம் அது ஒன்றுதான்: போன பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வரவேண்டும். சலூன்காரர் இம்முறை பகிடி ஒன்றும் விடவில்லை. அட்டையைக் கண்ணாடியிலே சாத்தி வைத்து, பார்த்துப் பார்த்து வெட்டினார். காசு வாங்கவில்லை.

ஆயுதத் தொழிற்சாலைப் பெண்களின் கூந்தலைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று எனக்கு அந்த அம்மாவின் நினைவுதான் வந்தது.

சென்ற வருடம் நண்பன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். தலையிலே இப்போது சொந்தமும் இல்லை, இரவலும் இல்லை, பளபளவென்றிருக்கிறது. "அந்தப் படத்தைப் பிறகு முழுக்கப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றான். "பார்க்கவும் மாட்டன். இடைவேளைக்குப் பிறகு அது வருது எண்டுதான் நான் இன்னும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

நக்கீரர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நான் விட்டுவிட்டேன், நேயர்களே.