வைத்தியரும் காப்புறுதியும்: பிரித்தானியா கண்ட அனுபவம்

நோயாளி ஒருவரும் வைத்தியர் ஒருவருமாக இருவர் மட்டுமே இருந்த அறைக்குள், பணம் செலுத்துவோராக மூன்றாமவர் ஒருவர் நுழைகின்றார். அவரை வைத்தியர் வரவேற்பதா, வாயிலிலேயே மறிப்பதா? காப்புறுதித் திட்டங்களில் வைத்தியர்கள் சேரலாமா என்னும் வினாவின் சாரம் இதுவே. பிரித்தானிய வைத்தியர்கள் இவ்வினாவை இருமுறை எதிர்கொண்டனர். இருமுறையும் மறுப்பிலே தொடங்கி இணக்கத்திலே முடித்தனர். அவ்வரலாற்றை நோக்குதல் இன்றும் பயன் தரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியத் தொழிலாளர்கள் தம்முட் சேர்ந்து சகாயநிதிச் சங்கங்களை அமைத்தனர். வாரந்தோறும் சில பென்ஸ் செலுத்திய அங்கத்தவருக்கு நோய்க்காலத்தில் உதவிப்பணமும் சங்க வைத்தியரின் சிகிச்சையும் கிடைத்தன. தொழிலாளிக்கு இது பெரும் பாதுகாப்பு, வைத்தியருக்கோ மனக்கசப்பு. ஓர் அங்கத்தவருக்கு ஆண்டொன்றுக்கு நாலு ஷில்லிங் அளவே அவருக்குக் கிடைத்தது. மருந்துச் செலவும் பெரும்பாலும் அவரையே சார்ந்தது. அவரை நியமிப்பதும் நீக்குவதும் சங்கக் குழுவின் விருப்பம். 1895ஆம் ஆண்டளவில் ‘லான்செற்’ என்னும் வைத்திய வார இதழ் இப்பூசலைப் போர் என்றே வருணித்துத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது.

இந்நிலையிலேதான் நிதியமைச்சராயிருந்த லோயிட் ஜோர்ஜ் அரங்கிற்கு வந்தார். ஜேர்மனியில் 1883ஆம் ஆண்டு பிஸ்மார்க் காலத்தில் ஏற்பட்ட நோய்க் காப்புறுதிச் சட்டத்தின் பயனை, 1908இல் அந்நாட்டுக்குச் சென்று அவர் நேரிற் கண்டார். 1911இல் தேசிய காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. வாரந்தோறும் ஆண் தொழிலாளி 4 பென்ஸும், தொழில் கொள்வோர் 3 பென்ஸும், அரசாங்கம் 2 பென்ஸும் செலுத்த வேண்டும் என அது விதித்தது. நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங் வீதம் 26 வாரங்களுக்கு உதவிப்பணமும், இலவச வைத்தியமும் உரியனவாயின.

பிரித்தானிய வைத்திய சங்கம் இதனை ஐயத்தோடு நோக்கி, ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது. வாரம் 2 பவுணுக்கு மேல் வருமானமுடையோர் இத்திட்டத்தில் இடம்பெறலாகாது. நோயாளி தம் வைத்தியரைத் தாமே தெரிந்துகொள்ள வேண்டும். வைத்திய உதவியைச் சகாயநிதிச் சங்கங்கள் நிருவகிக்கலாகாது. ஊதியம் போதியதாயிருக்க வேண்டும். ஊதியம் வழங்கும் முறையை அவ்வப் பகுதி வைத்தியர்களே தீர்மானிக்க வேண்டும். நிருவாகத்தில் வைத்தியருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பன அவை. இவை நிறைவேறாவிடின் சேவை செய்வதில்லை என 25,000க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் கையொப்பமிட்டு உறுதி கூறினர்.

அரசாங்கம் வில்லியம் பிளெண்டர் என்னும் கணக்காளரைக் கொண்டு சில நகரங்களின் வைத்தியர் கணக்கேடுகளை 1912இல் ஆராய்வித்தது. மக்களில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு நாலு ஷில்லிங்குக்குச் சற்றே மேற்பட்ட தொகைதான் வைத்தியருக்குச் சராசரியாகக் கிடைத்தது என்பது தெரியவந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் லோயிட் ஜோர்ஜ் அத்தொகையை ஏறத்தாழ 7 ஷில்லிங்காக உயர்த்தினார். சங்கத்தின் பிரதிநிதிகள் டிசம்பரிலும் மறுத்தே வாக்களித்தனர். ஆயினும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை வைத்தியருக்கு அத்தொகை வறுமையினின்றும் விடுதலையாயிற்று. 1913 ஜனவரித் தொடக்கத்திலே 10,000க்கு மேற்பட்டோர் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டனர். அம்மாதம் 15ஆந் திகதி வைத்திய உதவி ஆரம்பமாயிற்று. சில நாட்களில் சங்கமும் தன் உறுப்பினரை வாக்குறுதியினின்றும் விடுவித்தது.

இதனை வைத்தியரின் தோல்வி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. வருமான எல்லை பற்றிய கோரிக்கையை அவர்கள் இழந்தனர். எனினும் சகாயநிதிச் சங்கங்களின் ஆதிக்கம் பெரும்பாலும் நீங்கியது. காப்புறுதிக் குழுக்கள் நிருவாகத்தை ஏற்றன. நோயாளியின் தெரிவுரிமை சட்டத்தில் இடம்பெற்றது. மறுத்து நின்ற மாதங்களே இவற்றைப் பெற்றுத் தந்தன.

குறைகளும் இல்லாமலில்லை. தொழிலாளி காப்புறுதி பெற்றார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பெறவில்லை. பெருநோய் வந்து ஆஸ்பத்திரியிற் சேர்ந்தால், அச்சிகிச்சை பொதுவாகத் திட்டத்துக்குப் புறம்பாயிற்று. இக்குறைகளைச் சுட்டிக்காட்டி, காப்புறுதியைக் குடும்பத்தினருக்கும் விரிவுபடுத்த வேண்டும் என 1930இல் ஒரு திட்டம் வெளியாயிற்று. அதனை வெளியிட்டது, முன்னர் எதிர்த்து நின்ற அதே வைத்திய சங்கமாகும்.

இரண்டாம் முறை சோதனை வந்தது 1948இல். அனைரின் பெவன் என்னும் சுகாதார அமைச்சர், காப்புறுதிப் பட்டியல் முறையை மாற்றி, நாட்டினர் யாவருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவையை அமைக்க முற்பட்டார். அவ்வாண்டு பெப்ரவரியில் வைத்தியரிடையே நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் எதிர்த்தனர். தம்மை அரசாங்கம் மாதச் சம்பள ஊழியராக்கிவிடுமோ என்பதே அவர்தம் பேரச்சம். பொது வைத்தியரை முழுநேரச் சம்பள ஊழியராக்குவதில்லை என்பதைச் சட்டத்தாலேயே உறுதிசெய்வதாகப் பெவன் வாக்களித்தார். எதிர்ப்புத் தணிந்தது. ஜூலை 5ஆந் திகதி சேவை தொடங்கியபோது பொது வைத்தியர்களுட் பெரும்பாலோர் அதிற் சேர்ந்திருந்தனர்.

இன்று பல நாடுகளில் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் தாம் தெரிந்தெடுத்த வைத்தியர்களைக் கொண்டு தொகுதிகள் அமைக்கின்றன. அவற்றிற் சேர்வதா என வைத்தியர் தயங்குவது இயல்பே. சேராதுவிடின் வறிய நோயாளி வாயிலுக்கு வெளியே நிற்பார். நிபந்தனையின்றிச் சேரின், பணம் செலுத்துவோரின் கட்டளை சிகிச்சைக்குள்ளும் புகுந்துவிடும். சிகிச்சையைத் தீர்மானிப்பவர் யார், வைத்தியரைத் தெரிபவர் யார், வைத்தியர் கணக்குக் காட்டவேண்டியது யாருக்கு என்னும் மூன்றனுக்கும் முதலில் விடை காண வேண்டும். அவ்விடைகளைச் சட்டத்திலும் உடன்படிக்கையிலும் எழுதுவித்துச் சேர்ந்த வைத்தியர் தம் தொழிலின் மானத்தையும் காத்தனர். நோயாளிக்குரிய கடனையும் ஆற்றினர்.